ஈடு யாருக்கு? தமிழ்ச் சான்றுகளும் இலண்டன் நீதிமன்றங்களின் நட்டஈட்டு ஆணையும்

குற்றத்தால் இழப்புற்றவருக்குக் குற்றவாளியே ஈடு செலுத்தவேண்டும் என்னும் கோட்பாடு பண்டைத் தமிழர் நீதியிலேயே நிலைபெற்றிருந்தது என்னும் கூற்று தமிழியல் அரங்குகளில் எளிதில் எழுவதாகும். மனுநீதிச் சோழனும் கண்ணகி முன் நின்ற பாண்டியனும் அதற்குச் சான்றுகளாக நிறுத்தப்படுவர். இக்கூற்று நம் சான்றுகளுக்கும் பொருந்தாது. இன்று இலண்டன் நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் நட்டஈட்டு ஆணையின் தன்மையையும் விளக்காது. செலுத்துபவர் யார், பெறுபவர் யார், இழப்புற்றவர் எந்நிலையில் வைக்கப்படுகிறார் என்னும் மூன்று வினாக்களை எழுப்பினால் இது தெளிவாகும்.

முதலில் சிலப்பதிகாரம். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவன் கண்ணகிக்கு எதனையும் திருப்பியளிக்கவில்லை. அளிக்குமாறு எவரும் ஆணையிடவுமில்லை. தவறிழைத்த அரசன் உயிர் துறக்கிறான். பின்னர் கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிடுகிறான். ஒருவன் செய்த களவுக்கு ஒரு தொழிற்குலம் உயிர்விலை கொடுக்கின்றது. இதனை ஈடு என்பது சொல்லுக்கும் நீதிக்கும் பொருந்தாது.

அதே காப்பியத்தின் கட்டுரை காதையில் அதிகம் பேசப்படாத வழக்கொன்று உண்டு. மதுரைத் தெய்வம் கண்ணகிக்கு அதனைக் கூறுகின்றது. திருத்தங்காலைச் சேர்ந்த வார்த்திகன் என்னும் அந்தணன், படுபொருள் கவர்ந்தான் என்னும் பொய்க்குற்றச்சாட்டின்பேரில் சிறைப்படுகிறான். அவன் மனைவி கார்த்திகை அழுது புலம்ப, ஐயை கோயிற் கதவு திறவாது நிற்கின்றது. உண்மை அறிந்த பாண்டியன் நிலத்தில் வீழ்ந்து வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுகிறான். திருத்தங்காலையும் வயலூரையும் அவனுக்கு வழங்குகிறான். இழப்புற்றவர் பெயர் சுட்டப்பட்டு, அவர் கைக்கே பொருள் சேரும் அரிய இடம் இது. ஆயினும் செலுத்துபவர் யார்? பொய்யாகச் சிறைப்படுத்திய ஏவலரா? இல்லை. செலுத்துவது அரசே. இன்றைய வழக்கில் இது தவறான சிறைவாசத்துக்கு அரசு வழங்கும் இழப்பீட்டை ஒத்தது. குற்றவாளி செலுத்தும் நட்டஈட்டை ஒத்ததன்று.

மனுநீதிச் சோழன் கதையில் அரசன் தன் மகனை இழக்கத் துணிகிறான். அதனால் பசுவின் துயர் அரசனுடையதாகவும் ஆகின்றதே தவிர, பசு தன் கன்றைப் பெறுவதில்லை. பெரியபுராணத்தில் கன்று உயிர்த்தெழுவது இறைவன் அருளால். முழுமையான மீட்பு அற்புதத்தால் மட்டுமே கூடும் என்பதைக் காப்பியப் புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

காப்பியங்களைவிடக் கல்வெட்டுகள் நடைமுறைக்கு நெருக்கமானவை. வேட்டையிலோ கைகலப்பிலோ கருதாமல் ஒருவரைக் கொன்றவர் சாகவேண்டியதில்லை என்றும், இறந்தவர் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கவேண்டும் என்றும் ஊரார் முடிவுசெய்த செய்திகளைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில தருகின்றன. ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் வைப்பது பரவலான வழக்கம். அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. இங்குக் குற்றவாளியே செலுத்துகிறார், ஊரவை விதிக்கின்றது, இறந்தவர் நினைக்கப்படுகிறார். ஆனால் பெறுவது கோயில். இறந்தவரின் மனைவிக்கும் மக்களுக்கும் அந்த ஆடுகளில் உரிமை இல்லை.

இந்தப் பின்னணியில் இலண்டனை நோக்கவேண்டும். 1964இல் பிரித்தானிய அரசு வன்குற்றங்களால் காயமுற்றோருக்குப் பொதுநிதியிலிருந்து பணம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது வார்த்திகன் கதையைப்போல அரசு தரும் ஈடு. குற்றவாளியே செலுத்தவேண்டும் என்னும் பொதுவான அதிகாரத்தைக் குற்றவியல் நீதிமன்றங்களுக்கு அளித்தது 1972ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம். 1982இல் நட்டஈட்டு ஆணையையே தனித் தண்டனையாக விதிக்கவும், குற்றவாளியின் வசதி இரண்டுக்கும் போதாதபோது தண்டப்பணத்தைவிட நட்டஈட்டுக்கு முன்னுரிமை அளிக்கவும் வகைசெய்யப்பட்டது. 1988 முதல், ஆணை பிறப்பிக்கக்கூடிய இடத்தில் பிறப்பிக்காவிடில் நீதிமன்றம் காரணம் கூறவேண்டும். இவ்விதிகள் இன்று 2020ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் தொகுக்கப்பட்டுள்ளன.

இந்த ஆணைக்கும் எல்லைகள் உண்டு. நீதிமன்றம் குற்றவாளியின் வசதியைக் கருதியே தொகையை முடிவுசெய்யவேண்டும், தவணையிலும் செலுத்தலாம். ஆகவே தொகை இழப்பின் அளவைவிடச் செலுத்துபவரின் வருவாயையே பெரும்பாலும் காட்டுகின்றது. மேலும், வசதியுள்ளவர் தண்டனையை விலைக்கு வாங்கித் தப்ப இவ்வாணை உருவாக்கப்படவில்லை என்று 1974இலேயே மேன்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2007 முதல் விதிக்கப்படும் பாதிக்கப்பட்டோர் மேல்வரியோ வேறு வகையானது. குற்றவாளி செலுத்தும் அப்பணம் குறிப்பிட்ட ஒருவரைச் சேராமல் பாதிக்கப்பட்டோருக்கான பொதுச் சேவைகளுக்குச் செல்கின்றது. இலண்டனும் ஒருவகை நந்தா விளக்கை ஏற்றுகின்றது எனலாம். ஆனால் இரண்டுக்கும் வசதி போதாவிடில் மேல்வரி குறைக்கப்படும், நட்டஈடு நிற்கும். விளக்கைவிட மனிதரை முன்வைக்கும் இந்த வரிசைமுறைக்கு மேற்கண்ட தமிழ்ச் சான்றுகளில் இணையில்லை.

இந்தியச் சட்டம் வேறு பாதையில் வந்தது. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமே வசூலான அபராதத்திலிருந்து இழப்புற்றவருக்குக் கொடுக்க இடமளித்தது; ஈடு அபராதத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357ஆம் பிரிவு அதனைத் தொடர்ந்ததோடு, அபராதம் விதிக்கப்படாதபோதும் ஈடு வழங்க வழிசெய்தது. 1977இல் தமிழ்நாட்டுக் கொலைவழக்கு ஒன்றில் உயர் நீதிமன்றம் ஆயுள்தண்டனையோடு விதித்த 20,000 ரூபாய் அபராதத்தை உச்ச நீதிமன்றம் 3,000 ரூபாயாகக் குறைத்தது. ஈடு கொடுப்பதற்காக அபராதத்தை உயர்த்தலாகாது என்பது அதன் நிலைப்பாடு. ஈட்டைத் தண்டத்தின் நிழலில் வைத்ததன் விளைவு இது.

இவ்வேறுபாடு சட்டநூல்களோடு நிற்பதன்று. இலண்டன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்வழித் தீர்ப்பைக் கேட்கும் தமிழ்ப்பெண்ணொருவரை எண்ணிப் பார்க்கலாம். ‘தண்டப்பணம்’ என்று கேட்டால், பணம் அரசுக்கே போகிறது என்று அவர் வெறுங்கையோடு வீடு திரும்பக்கூடும். ‘இழப்பீடு’ என்று மட்டும் கேட்டால், அரசு இரங்கித் தருவதாகக் கொள்ளக்கூடும். ‘ஈடு’ என்னும் சொல்லே சமம் என்றும் அடகு என்றும் பொருள்படுவது. தம் துயருக்கு விலை பேசப்பட்டதாக எண்ணி அவர் அதனை மறுக்கவும் கூடும். ஜோன்னா ஷாப்லண்டும் உடன் ஆய்வாளரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, பாதிக்கப்பட்டோர் குற்றவாளி தரும் பணத்தை அதன் தொகையைக் கடந்து மதித்தனர் என்று காட்டியது. தமக்குத் தீங்கு நேர்ந்தது என்பதைத் தீங்கு செய்தவர் கையாலேயே ஏற்கச்செய்யும் செயலாக அதனை அவர்கள் கண்டனர். அந்தப் பொருள் மொழிபெயர்ப்பில் தொலையுமானால் ஆணையின் பெரும்பகுதி தொலைகின்றது.

ஆகவே ‘குற்றவாளி செலுத்தும் நட்டஈடு’, ‘அரசு வழங்கும் இழப்பீடு’, ‘தண்டப்பணம்’ என மூன்றையும் பிரித்து வழங்குவதே தகும். பொருந்தாத மரபுரிமை கோருவதால் பழைய நூல்களுக்குப் பெருமை சேர்வதில்லை. வார்த்திகன் கதையும் நந்தா விளக்கும் அவற்றுக்கேயுரிய நீதியுணர்வைக் கொண்டவை. கண்ணகி பாண்டியனிடம் பொருள் கேட்கவில்லை. தன் கணவன் கள்வனல்லன் என்பதையே மெய்ப்பித்தாள். இழப்புற்றவர் முதலில் வேண்டுவது உண்மையின் ஏற்பு என்பதே அவள் வழக்கு இன்றைய நீதிமன்றத்துக்குச் சொல்லக்கூடியது. நட்டஈடு அதற்குப் பின் வருவது. அது எவர் கையிலிருந்து வருகிறது என்பதை அறியும் உரிமையும் அவருக்கே உரியது.