அவள் ஏன் அறியவில்லை?

முகமூடி அணிந்த நாயகனின் காதற்கதையைத் திரையில் கண்டுவரும் இளைஞர்கள் முதலில் சுட்டும் குறை ஒன்றே. மூக்குக்கண்ணாடியைக் கழற்றியதும், அல்லது கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டதும், நாள்தோறும் பழகிய பெண்ணுக்கே அவன் எவ்வாறு அயலானாகிவிடுகிறான்? கதையில் ஓட்டை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் காணும் ஓட்டை உண்மையானதே. ஆயினும் அதனினும் பெரியதொன்று அருகிலேயே இருக்க, அதை எவரும் கவனிப்பதில்லை என்பது நம் எண்ணம்.

1938-இல் அமெரிக்கச் சித்திரக்கதை இதழொன்றில் பிறந்த சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்னும் செய்தியாளனாக மறைந்து வாழ்கிறான். உடன் பணியாற்றும் லோயிஸ் லேன் வானில் பறப்பவனை விரும்புகிறாள். பக்கத்து மேசையில் இருப்பவனைப் பொருட்படுத்துவதில்லை. 1978-இல் வந்த திரைப்படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் தோள்களைக் குறுக்கி, குரலை மாற்றி, தடுமாறி நடந்து, இந்த ஓட்டையைத் தம் நடிப்பாலேயே அடைத்தார். பாராட்டத்தக்க திறம்தான். ஆனால் 1980-இல் வந்த இரண்டாம் படத்தில் லோயிஸ் உண்மையைக் கண்டறிந்துவிடுகிறாள். முடிவில் அவன் ஒரு முத்தத்தால் அவளுடைய அந்த நினைவையே அழித்துவிடுகிறான். காதலின் தியாகமாகக் காட்டப்படும் காட்சி இது. அவள் தன் முயற்சியால் பெற்ற அறிவு, அவளைக் கேளாமலே பறிக்கப்பட்டது என்பதே நமக்குப் படுகிறது.

நம் கோடம்பாக்கத்துக்கு இக்கலையை மேனாட்டார் வந்து கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. நாமக்கல் கவிஞரின் புதினத்தைத் தழுவி, கருணாநிதியின் உரையாடலோடு 1954-இல் வெளிவந்த ‘மலைக்கள்ளன்’ இவ்வகைக்கு முன்னோடி. (அது கோவைப் பட்சிராஜா படப்பிடிப்பு நிலையத்தின் ஆக்கம், கோடம்பாக்கம் அதன் வாரிசு எனலாம்.) எம்.ஜி.ஆர். ஏற்ற நாயகன் ஊராருக்கு மலைக்கள்ளன். சந்தையில் வணிகன் அப்துல் ரஹீம். இறுதியில் அவனே நாயகி பூங்கோதையின் காணாமற்போன உறவினன் குமாரவீரன். கள்வனை ஒரு குலமகள் விரும்பலாமா என்ற கடினமான வினாவைக் கதை எழுப்புகிறது. அவன் உறவுக்காரனே என்று சொல்லி அதனின்று தப்பிக்கொள்கிறது. பானுமதி அம்மையாரின் பூங்கோதை துணிவும் சொல்வன்மையும் மிக்கவள். அத்தகையவளும் பிறர் வெளிப்படுத்தும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வேடம் ஏன் இவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பதற்கு ஒரு தொழிற்காரணம் உண்டு. மக்கள் சீட்டு வாங்கி வருவது நட்சத்திரத்தின் முகத்தைக் காண்பதற்கே. அம்முகம் முழுவதும் மறைந்துவிட்டால் அரங்கில் கூச்சல் எழும். எனவே ஒட்டுத்தாடி, மச்சம், தொப்பி இவற்றுள் ஒன்றிரண்டே போதும் என்று வைத்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருக்கும் சிறுவனும் அவனை அறிய வேண்டும். எதிரே நிற்கும் காதலி மட்டும் அறியக் கூடாது. நாடகக் கம்பெனிகளில் ஒருவன் ‘தனக்குள்’ உரக்கப் பேசுவதை அருகில் நிற்பவன் கேளாதிருந்தானே, அந்த மேடை வழக்கின் தொடர்ச்சியே இது. ஒரு கலையின் மரபு என்ற அளவில் இதை ஏற்கலாம். ஆனால் அரங்கம் முழுவதும் அறிந்த ஒன்றை அவள் ஒருத்தி அறியாதிருப்பதே நமக்கு நகைச்சுவையாகவும் இன்பமாகவும் ஆகிவிடும்போது, மரபு வேறொன்றாக மாறுகிறது.

தமிழிலக்கியம் இப்படி இருக்கவில்லை. புகழேந்தியின் நளவெண்பாவை எண்ணிப் பாருங்கள். சுயம்வர மண்டபத்தில் தேவர் நால்வரும் நளனுருவிலேயே அமர்ந்திருக்கிறார்கள். இங்கே வேடம் மச்சமன்று, தெய்வ வல்லமை. தமயந்தி மயங்கவில்லை. எவன் மாலை வாடுகிறது, எவன் கண்கள் இமைக்கின்றன, எவன் பாதம் மண்ணைத் தொடுகிறது என்று நோக்குகிறாள்; மானிடனின் நலிவுகளைக் கொண்டே தன்னவனைத் தேர்கிறாள். பின்னர்க் கார்க்கோடகனால் உருத்திரிந்து, வாகுகன் என்னும் பெயரில் அவன் மறைந்து வாழும்போதும் தேடிக் கண்டுபிடிப்பவள் அவளே. இரண்டாம் சுயம்வரம் என்று செய்தி அனுப்பி அவனை வரவழைக்கிறாள். அவன் தேரோட்டும் விரைவு, சமைக்கும் முறை, பிள்ளைகளைக் கண்டதும் கலங்கும் நெஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் தெளிகிறாள். நளன் கதையில் அறிதல் என்பது காதலின் செயல். கோடம்பாக்கம் அச்செயலை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டது.

இடையே விதிவிலக்கும் உண்டு. 2011-இல் வந்த ‘வேலாயுத’த்தில் செய்தியாளர் பாரதி தானே ஒரு காவலனைக் கற்பனை செய்து பெயரிடுகிறாள், முகமூடிக்குள் இருப்பவன் யாரென அவளுக்குத் தெரியும். ஆயினும் ஊரில் அவனுக்கென்று காத்திருப்பவள் வைதேகி என்னும் வேறொருத்தி.

இவ்வகையில் மிகுந்த அக்கறையோடு எடுக்கப்பட்ட படம் ஷங்கரின் ‘அந்நியன்’ (2005). திருவல்லிக்கேணி வழக்கறிஞன் அம்பி, அவனுள்ளேயே ரெமோ, அந்நியன் என்று இருவர். விக்ரமின் நடிப்பில் மூவரும் மூவராகவே நிற்கிறார்கள். பழைய ஓட்டையை மனநோய் என்ற விளக்கத்தால் படம் அடைக்கிறது: அவனே தன்னை அறியாதபோது நந்தினி எப்படி அறிவாள்? அம்பியின் காதலை மறுத்தவள் ரெமோவை ஏற்கிறாள். பிறகு, நிலம் வாங்குகையில் முத்திரைத்தீர்வையைக் குறைக்க முற்பட்ட குற்றத்துக்காக அந்நியன் அவளைக் கொல்ல வருகிறான். உயிர் போகும் அச்சத்தில் அவள் அம்பியின் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அவ்வழைப்பில் கொலைஞன் மறைந்து அம்பி திரும்புகிறான். கோடம்பாக்கத்து முகமூடிக் கதைகளில் நாம் கண்ட மிகச் சிறந்த கணம் இதுவே. இங்கே ஒரு பெண் தமயந்தியைப் போலவே பெயரால் ஒருவனை மீட்கிறாள். அவனை மருத்துவரிடம் சேர்ப்பவளும் அவளே.

ஆனால் படம் அதோடு நிற்கவில்லை. குணமடைந்ததாக விடுவிக்கப்பட்டு, மணமுடித்து, மனைவியோடு இரயிலில் செல்லும் அம்பி, தன் தங்கையின் சாவுக்குக் காரணமானவனைக் கண்டு அவனை ஓடும் வண்டியிலிருந்து தள்ளிக் கொல்கிறான். நந்தினிக்கு அதை மறைத்தும்விடுகிறான். அரங்கம் கைதட்டியது. அவனைப் பெயர் சொல்லி மீட்ட பெண்ணை மறுபடியும் அறியாதவளாக்கி விட்டதைக் குறித்து எவரும் பேசக் காணோம். சூப்பர்மேனின் முத்தம் செய்த வேலையை இங்கே ஒரு மௌனம் செய்கிறது. நாயகனைக் குணப்படுத்திக் காட்டவும் வேண்டும், பழிவாங்கும் சுவையை இழக்கவும் கூடாது என்று இயக்குநர் இரண்டையும் விரும்பினார். அதற்கான விலையை நந்தினியிடமிருந்து பெற்றுக்கொண்டார்.

திருமண ஆயத்தத்துக்கு வரும் இளையோரோடு இத்தகைய வினாக்களைப் பேச நேரும் நமக்குச் சட்டமும் நினைவுக்கு வருகிறது. இல்வாழ்வைக் கடுமையாகக் குலைக்கத்தக்க ஒரு தன்மையை வஞ்சனையால் மறைத்துப் பெற்ற சம்மதத்தால் நிகழும் மணம் செல்லாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1098-ஆம் விதி. அம்பிக்குப் பொருந்தும் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும், முக்கிய உண்மையொன்றை மறைத்துப் பெற்ற சம்மதம் என்றால் மணத்தைச் செல்லாதாக்கக் கோரும் உரிமையை அதன் 12-ஆம் பிரிவில் தருகிறது. அந்நியன் இன்னும் தன்னுள் உயிரோடிருப்பது மணநாளன்றே அம்பிக்குத் தெரிந்திருந்ததா? வழக்கறிஞனான அவனுக்குப் பிரிவு எண் மறந்திராது. நந்தினி கேட்டிருந்தால் என்ன விடை சொல்லியிருப்பான் என்பதற்குள் வண்டி நகர்ந்துவிடுகிறது. திரையில் பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது.