ஜாவாஸ்கிரிப்ட்: குற்றம் எது, பழி எது?

ஒரு கடையின் இணையப் பக்கம். வாடிக்கையாளர் கட்டத்தில் 100 என்று பொருளின் விலையை நிரப்புகிறார். அத்துடன் அனுப்பும் செலவு 50 ரூபாயைக் கூட்ட வேண்டும். விடை 150 அல்லவா? திரையில் தெரிவதோ 10050! நிரல் எழுதிய மாணவர் திகைக்கிறார். தவறு அவருடையதா, மொழியினுடையதா?

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் மீது இத்தகைய புகார்கள் பல உண்டு. அவற்றுள் எவை உண்மையான குற்றங்கள், எவை வீண் பழிகள் என்று பிரித்துப் பார்ப்போம்.

கட்டத்தில் நிரப்புவது எண்ணே ஆனாலும், அது எழுத்துக்களின் கோவையாகவே, அதாவது "100" என்றே, நிரலுக்கு வந்து சேர்கிறது. இம்மொழியில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலைகள்: எண்களைக் கூட்டுவது ஒன்று, எழுத்துக் கோவைகளை ஒட்டுவது மற்றொன்று. ஒரு பக்கம் எழுத்துக் கோவை இருந்தாலே போதும், ஒட்டிவிடும். கழித்தல் குறிக்கோ ஒரே வேலைதான். ஆகவே "100" - 50 என்றால் 50 என்ற சரியான விடை கிடைக்கிறது! பைத்தான் மொழியில் எழுத்துக் கோவையையும் எண்ணையும் கூட்டச் சொன்னால், அது மறுத்துப் பிழையை அறிவிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் மறுப்பதில்லை, தானே ஊகித்துக்கொள்கிறது. இது உண்மையான குற்றமே.

இதைவிடப் பெரிய குற்றமும் உண்டு. ஒன்றுக்குச் சமமான இரண்டு பொருள்கள் தமக்குள்ளும் சமம் என்பது யூக்ளிடின் விதி. பள்ளியில் நீங்கள் படித்ததுதான். இம்மொழியின் இரட்டைச் சமக்குறியோ 0 == "0" என்பதை உண்மை என்கிறது; 0 == "" என்பதையும் உண்மை என்கிறது. ஆனால் "0" == "" என்பதைப் பொய் என்கிறது! ஊகத்தை நம்பினால் கணிதத்தின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது.

இனி, ஒரு வீண் பழி. 0.1 + 0.2 என்று கேட்டால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. இதைக் காட்டிப் பலர் நகைப்பதுண்டு. ஆனால் பைத்தானிலும் இதே விடைதான் வரும். 1/3 என்பதைப் பதின்மத்தில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீள்கிறதல்லவா? அதுபோலவே 1/10 என்பது இரும எண்முறையில் முடிவின்றி நீள்கிறது. கணிப்பொறி அதை 64 இருமங்களுக்குள் அடக்க வேண்டியிருப்பதால் சிறிது வெட்டுப்படுகிறது. இதற்கு மொழியைக் குறை கூறுவது நியாயமன்று.

உண்மைக் குற்றங்கள் எப்படி நேர்ந்தன? 1995ஆம் ஆண்டு மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவைப் பத்தே நாட்களில் அமைத்தார். நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் கையாள வேண்டும் என்பதே நோக்கம். சிறு பிழைக்கெல்லாம் நின்றுவிடாமல் இருக்கவே மொழிக்கு ஊகம் கற்பிக்கப்பட்டது. நோக்கம் நல்லது, விளைவுதான் விபரீதம்.

பிறகேனும் திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் சிக்கல். பழைய விதிகளை நம்பி எழுதப்பட்ட இணையப் பக்கங்கள் எண்ணற்றவை. விதியை மாற்றினால் அவை பழுதாகும். ஆகவே பழையதை நீக்காமல் புதியதைச் சேர்த்தார்கள். 1999ஆம் ஆண்டின் தரப் பதிப்பில், ஊகம் செய்யாத மூன்று கோட்டுச் சமக்குறி இடம்பெற்றது. 0 === "0" என்றால் பொய் என்றே விடை வரும்.

எனவே மாணவர்களே, கட்டத்திலிருந்து வருவதை முதலில் எண்ணாக மாற்றுங்கள்; பிறகு கூட்டுங்கள். ஒப்பிடுவதற்கு மூன்று கோட்டுச் சமக்குறியையே வழக்கமாக்குங்கள். விநோத விடையைக் கண்டு நகைப்பதோடு நின்றுவிடாதீர்கள்; எந்த விதியால் அது வந்தது என்று தேடுங்கள். இம்மொழியின் குற்றம் விதியின்மை அன்று. பயில்வோர் எதிர்பாராத விதிகளைச் சத்தமின்றிச் செயல்படுத்துவதே. பிழையை உடனே சொல்லிவிடும் மொழியே பயில்வோருக்கு நல்லாசிரியர். அந்த வகையில் ஜாவாஸ்கிரிப்ட் திறமை மிக்க வேலைக்காரர், நல்லாசிரியர் அன்று.