கப்பல் தலைவரும் காவல் தலைவரும்

ஒரு பணிக்கு ஆள் வேண்டி அரசு விடுக்கும் தகுதி விதிகளும், அப்பணியை வேண்டி ஒருவர் வரையும் விண்ணப்பமும், அவர்பொருட்டுப் பிறர் வழங்கும் நற்சான்றும் உரைநடையின் பாற்பட்டனவே. எனினும் திறனாய்வாளர் இவற்றை அலுவலகத் தாள்கள் என ஒதுக்கி, வரலாற்றாசிரியர்க்கு விட்டுவிடுதல் வழக்கமாயிற்று. அவ்வாறு விடுதல் பொருந்தாது என்பது எம் கருத்து. ஓர் உரையில் சொல்லப்பட்டது யாது, சொல்லாது விடப்பட்டது யாது, விட்ட இடத்தை நிரப்பியது யாது என வினவுதல் திறனாய்வின் முதற்கடன். அவ்வினாக்களைச் செய்யுளுக்கே உரியன என வரையறுத்தற்குக் காரணம் இல்லை. விக்டோரியா அரசியார் காலத்து (1837–1901) இங்கிலாந்தில் கடற்படை அதிகாரிகள் மாவட்டக் காவல் தலைமையை நாடி நின்ற செய்தியை இந்நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இப்பொருள் பற்றி இருவேறு கொள்கைகள் உள. போரின்றி வாளாவிருந்த அதிகாரிகளுக்குச் செல்வர்கள் அளித்த சலுகையே இப்பதவி என்பர் ஒரு சாரார். கப்பலை ஆண்டவன் காவற்படையையும் ஆளவல்லன். அவ்வாறு வந்தோருட் சிலர் சிறந்து விளங்கியமையே அதற்குச் சான்று என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் முழுதும் ஏற்கத் தக்கன அல்ல என்பதே யாம் நிறுவக் கருதுவது.

1. விதி எழுந்த சூழல்

இலண்டன் மாநகரக் காவற்படை 1829ஆம் ஆண்டில் தோன்றியது. அதன் தலைமையை உள்நாட்டமைச்சர் பீல் இருவரிடம் ஒப்படைத்தார். ஒருவர் ரோவன் என்னும் படைத்தலைவர். மற்றவர் மேயின் என்னும் வழக்கறிஞர். படையை நடத்துதற்கு ஒருவரும் சட்டத்தை உணர்தற்கு ஒருவரும் வேண்டும் என்னும் தெளிவு அவ்வமைப்பில் விளங்குகின்றது. தலைமைக்கு அடுத்த நிலைகளிலோ, உயர்குடியினரை அமர்த்துதலைப் பீல் விரும்பவில்லை. அவர்கள் தம் வேலையைத் தமக்குத் தாழ்ந்ததாகக் கருதுவர் என்பது அவர் எண்ணம்.

நாட்டுப்புற மாவட்டங்களுக்கான சட்டம் 1839இல் இயற்றப்பட்டது. விரும்பிய மாவட்டம் காவற்படை அமைத்துக்கொள்ளலாம் என்பதன்றி, அமைத்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் அதில் இல்லை. அக்கட்டாயம் 1856ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. காவல் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மாவட்டத்து மாஜிஸ்திரேட்டுகளுக்கு உரியதாயிற்று. உள்நாட்டமைச்சரின் ஒப்புதலும் வேண்டப்பட்டது. மாஜிஸ்திரேட்டுகள் பெரும்பாலும் அம்மாவட்டத்து நிலக்கிழார்கள். ஆகவே இலண்டனில் அமைச்சர் ஒருவர் செய்த தேர்வு, நாட்டுப்புறத்தில் நிலக்கிழார் அவையின் தேர்வாக மாறிற்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே 1839ஆம் ஆண்டு திசம்பரில் வெளிவந்த தகுதி விதிகளைப் படித்தல் வேண்டும்.

2. விதியின் சொல்லும் விதியின் மௌனமும்

காவல் தலைவர்க்கு அவ்விதிகள் வேண்டுவன இவை: அகவை 45க்கு மேற்படலாகாது, உடல் நலமுடையவர் என மருத்துவர் சான்று தரல் வேண்டும், கடன் தீர்க்க இயலாது நொடித்தவராக இருத்தல் ஆகாது, நல்லொழுக்கம் உடையவர் என மாஜிஸ்திரேட்டுகள் பரிந்துரைத்தல் வேண்டும். ஆண்டு ஊதியம் 250 பவுன் முதல் 500 பவுன் வரை.

இவ்விதிகளைக் காவலர்க்கு வகுத்த விதிகளோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். காவலன் 5 அடி 7 அங்குல உயரம் உடையவனாதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிதல் வேண்டும். கணக்கு எழுதவும் அறிதல் வேண்டும். அஃதாவது, கடைநிலையில் நிற்பவனிடம் அவன் அறிந்தது யாது என விதி வினவுகின்றது. தலைமை நிலையில் நிற்பவரிடம் அவ்வினா எழவே இல்லை. சட்ட அறிவு உண்டோ, குற்றம் துருவிய பயிற்சி உண்டோ, காவற்பணியில் முன்பு இருந்ததுண்டோ என்பன கேட்கப்படவில்லை. தலைவரைப் பற்றிய விதிகள் பெரிதும் எதிர்மறையானவை. முதியரல்லர், நோயரல்லர், நொடித்தவரல்லர் என அவை தள்ளத்தக்காரைச் சுட்டுகின்றனவேயன்றிக் கொள்ளத்தக்காரைச் சுட்டவில்லை.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் 51ஆம் அதிகாரம். தெரிந்துவினையாடல் 52ஆம் அதிகாரம். ஒருவனை நம்பத்தக்கவன் எனத் தேறுதல் வேறு. இன்ன வினைக்கு இவன் உரியவன் எனக் கண்டு அவ்வினையில் அமர்த்துதல் வேறு. இப்பாகுபாட்டை அளவுகோலாகக் கொண்டு நோக்கின், 1839ஆம் ஆண்டு விதிகள் முன்னதோடு நின்றுவிட்டன எனல் தகும். பின்னதற்கு உரிய இடம் வெறுமையாக விடப்பட்டது. அவ்வெறுமையை நிரப்பியது பதவிப் பெயர். கப்பற்படைக் கேப்டன், தரைப்படை மேஜர் என்னும் அடைகள் ஒருவர் பெயர்க்கு முன் நின்றமையே, கேட்கப்படாத வினாவுக்கு விடையாயிற்று.

3. கடற்படையாளர் வந்த காரணம்

நெப்போலியப் போர்க்காலத்தில், 1813இல், பிரிட்டிஷ் கடற்படையில் 1,40,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். போர் முடிந்தபின், 1817 அளவில், அத்தொகை 20,000 அளவிற்குச் சுருங்கியது. மாலுமிகளை வீட்டிற்கு அனுப்பிவிடலாம். அதிகாரிகளை அவ்வாறு அனுப்புதல் இயலாது. அவர்கள் அரைச்சம்பளத்தில் வைக்கப்பட்டனர். கேப்டன் நிலையை அடைந்தபின் உயர்வு மூப்பு வரிசையால் வந்தது. ஆதலின் வரிசையில் மேலே நின்றோர் மறையும்வரை கீழே நின்றோர் காத்திருந்தனர்.

ஈண்டு அகவை பற்றிய விதியை மீண்டும் நோக்குக. 1840இல் 45 அகவைக்கு உட்பட்டவர் என்றால் 1795ஐ ஒட்டியோ அதன் பின்னரோ பிறந்தவர். 1815இல் போர் முடிந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியிருக்கும். அல்லது அதற்கும் குறைந்திருக்கும். போரின் வாயிலில் நுழைந்தவுடன் கதவு சாத்தப்பட்ட தலைமுறை அது. அத்தலைமுறையினர் கரையில் ஒரு பணியை நாடியது நாணத்தக்க செயலன்று. ஆண்டுக்கு 250 பவுனும் அதற்கு மேலும் தரும் நிலையான பணி, அரைச்சம்பளத்தில் குடும்பம் காப்பவர்க்குப் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை.

இதிற் குறிப்பிடத்தக்க முரண் ஒன்றுண்டு. தரைப்படையில் பதவிகள் விலைக்கு வாங்கப்பட்டன. அம்முறை 1871இல்தான் ஒழிந்தது. கடற்படையில் அவ்வாறு வாங்குதல் இல்லை. லெப்டினன்ட் ஆவதற்கு முன் ஆறாண்டு கடற்பணியும் தேர்வில் வெற்றியும் வேண்டும். செல்வாக்கு அங்கும் உண்டு. எனினும் கப்பலைச் செலுத்தத் தெரியுமா என்னும் வினாவிற்கு ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் விடை கூறியாதல் வேண்டும். கப்பலுக்குத் தேர்வு வைத்த நாடு, காவலுக்குத் தேர்வு வைக்கவில்லை. கப்பலில் பெற்ற பட்டத்தையே காவலுக்கும் போதிய சான்றாகக் கொண்டது.

4. எசெக்ஸ் மாவட்டத்து மக்ஹார்டி

இவ்வழி வந்தோருள் தலைசிறந்தவர் எசெக்ஸ் மாவட்டத்தின் முதற் காவல் தலைவர் மக்ஹார்டி. இவர் 1829இல் கியூபாக் கடற்பகுதியில் ‘பிக்கிள்’ என்னும் சிறு போர்க்கலத்தின் தலைவராக இருந்து, ‘வொலடோரா’ என்னும் அடிமை வணிகக் கப்பலைப் பொருது பிடித்தவர். பின்னர்க் கடற்கரைக் காவற் பணியில் இருந்தார். 1840இல் எசெக்ஸ் காவல் தலைமையைப் பெற்று, 1881 வரை 41 ஆண்டுகள் அப்பதவியில் நிலைத்தார்.

இவர் வாழ்வில் காவற்பணிக்கு உண்மையில் உதவியது எது? பலரும் வொலடோரா வெற்றியைச் சுட்டுவர். யாம் கடற்கரைக் காவலைச் சுட்டுவோம். போர்க்கலத்தில் பகைவன் வெளிப்பட நிற்கின்றான்; ஆட்கள் ஒரே தளத்தில் தலைவன் கண்முன் நிற்கின்றனர். கடற்கரைக் காவலிலோ, கள்ளக்கடத்தலைத் தடுக்கும் சிறுசிறு குழுக்கள் நெடுங்கரையில் பரவிக் கிடக்கும். இரவில் தனித்துச் சுற்றுபவனைத் தொலைவிலிருந்து மேற்பார்த்தல் வேண்டும். ஊரார் பலர் கடத்துவோர்க்கு உறவினராகவோ பரிவுடையவராகவோ இருப்பர். அவர்களைப் பகைத்துக்கொள்ளாமலும், அவர்களுக்கு வசப்படாமலும் பணி நடத்தல் வேண்டும். இஃது ஏறத்தாழ நாட்டுப்புறக் காவற்பணியே. நீண்ட கடற்கரையை உடைய எசெக்ஸுக்கு இப்பயிற்சி மிகவும் ஏற்றது.

இப்பயிற்சியின் விளைவு 1853ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தெரிவுக்குழு முன் அவர் அளித்த சாட்சியத்தில் வெளிப்படுகின்றது. எடை அளவைகளைச் சோதித்தல், நாடோடி ஏழையர்க்கு உதவி வழங்குவதைக் கவனித்தல் முதலிய பணிகளைக் காவலரிடமே ஒப்படைக்கலாம். அதனால் மாவட்டத்திற்குச் செலவு மிச்சமாகும் என்பது அவர் வாதம். படையின் பெருமை பேசும் வாதம் அன்று இது. வரி செலுத்துவோரின் கணக்கு நோக்கில் எழுந்த வாதம். காவற்படை வேண்டுமா என ஐயுற்ற நிலக்கிழார்க்கு எம்மொழி விளங்கும் என அவர் உணர்ந்திருந்தார். ஏழையர் உதவியைக் காவலன் கையிற் கொடுப்பது அவ்வேழையர்க்கு நலமா என்னும் வினா அவ்வாதத்துள் இடம்பெறவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

இதனாற் பெறப்படுவது யாது? மக்ஹார்டி தகுதியுடையவரே. ஆயினும் அத்தகுதியை விதி வினவவில்லை. வினவாத விதி, தகுதியுடையவரையும் இல்லாதவரையும் ஒரே வாயிலால் உள்ளே விடும். விளைவு நன்றாயிற்று என்பதால் முறை நன்று எனல் அளவை நூலார் ஒப்பாத முடிபாகும்.

5. தடையும் விடையும்

அக்காலத்தில் பயிற்சியுடைய காவலர் யாண்டிருந்தனர் என ஒருவர் தடை எழுப்பலாம். இருந்தனர் என்பதே விடை. இலண்டன் காவற்படை பத்தாண்டு வளர்ந்திருந்தது. அயர்லாந்துக் காவற்படை 1836இல் ஒரே அமைப்பாக்கப்பட்டது. அப்படையிலிருந்தே குளோஸ்டர்ஷயர் மாவட்டம் 1839இல் லெஃப்ராய் என்பவரைத் தலைவராகக் கொண்டது. எசெக்ஸுக்கு அண்மையதான கிழக்குச் சஃபோக், 1840இல் ஹாட்டன் என்பவரை அவ்வாறே கொண்டது. ஆகவே காவல் அறிந்தவரைத் தேடும் வழி அன்றே திறந்திருந்தது. மறுபுறம், வில்ட்ஷயர் மாவட்டம் 1839இல் மெரிடித் என்னும் கடற்படையாளரை அமர்த்தி, 1870இல் அவர்க்குப் பின்னும் ஸ்டேர்ன் என்னும் கடற்படையாளரையே நாடியது. அவர் 1908 வரை பதவியில் இருந்தார். இருவருமாக 69 ஆண்டுகள். முதல் தேர்வைப் புதுமைக் காலத்துத் தடுமாற்றம் எனக் கூறினும், இரண்டாம் தேர்வை அவ்வாறு கூறல் இயலாது; அது வழக்காக ஊன்றிவிட்டது.

வலிமை மிக்க தடை வேறொன்றுண்டு. நிலக்கிழார்களுக்கு நிகரான மதிப்புடைய ஒருவரே அவர்தம் வற்புறுத்தலுக்கு வளையாது நிற்பார். தம் வேட்டைக்காட்டைக் காக்கக் காவலரை அனுப்புமாறு ஒரு கிழார் ஏவினால், ஏவலனாக இருந்து உயர்ந்தவர் மறுத்தல் அரிது. கேப்டன் ஒருவர் மறுக்கலாம். இத்தடையில் உண்மை இருப்பதை யாம் ஒப்புகின்றோம். ஆனால் அவ்வுண்மை கடற்படைப் பயிற்சியின் சிறப்பைக் காட்டவில்லை. அச்சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வையே காட்டுகின்றது. அன்றியும், நிகரானவர் நிகரானவரை எதிர்த்து நிற்றல் போலவே அவரோடு ஒன்றி நிற்றலும் இயல்பு. கேப்டனும் கிழாரும் ஒரே மேசையில் உண்பவர். உழவுத் தொழிலாளியோ அம்மேசையருகே நில்லாதவன்.

இம்முறையால் இழந்தவர் யாவர் என்பதையும் கருதுதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்து, கணக்கு அறிந்து, இரவெல்லாம் நடந்து, இருபதாண்டு ஊர்களை உணர்ந்த காவலன் ஒருவன் மேற்பார்வையாளன் நிலைவரை உயரலாம். அதற்கு மேலுள்ள வாயில் பல மாவட்டங்களில் அவனுக்கு அடைபட்டே கிடந்தது. தெரிந்தது யாது என ஒவ்வொரு படியிலும் கேட்கப்பட்டவனுக்கு அவ்வாயில் திறக்கவில்லை. ஒருபடியிலும் கேட்கப்படாதவருக்குத் திறந்தது.

6. முடிபு

1854இல் வெளியான நார்த்கோட்–திரெவெல்யன் அறிக்கை அரசு அலுவலர்க்குப் போட்டித் தேர்வு வேண்டும் என்றது. 1870இல் அது பரவலாக நடைமுறைக்கு வந்தது. மாவட்டக் காவல் தலைமை அச்சீர்திருத்தத்திற்கு அகப்படாது நின்றது. 1918ஆம் ஆண்டில் காவலர் வேலைநிறுத்தம் நிகழ்ந்த பின்னரே டெஸ்பரோ குழு இதனை ஆராய்ந்தது. சிறப்பான தகுதி வேறு இருந்தாலன்றிக் காவற்பணியில் முன்பயிற்சி இல்லாதவரைக் காவல் தலைவராக்கல் ஆகாது என்னும் விதி 1920இல் எழுந்தது. 1839இல் வெறுமையாக விடப்பட்ட இடத்தில் ஒரு வரி எழுதுதற்கு 81 ஆண்டுகள் வேண்டியிருந்தன.

ஆகவே, காவல் தலைமையை நாடிய கடற்படை அதிகாரிகள் அனைவரையும் சலுகை பெற்றோர் என இகழ்தல் தவறு; மக்ஹார்டி போன்றார் அதற்கு மறுப்பாவர். அவரை முன்னிறுத்தி அத்தேர்வு முறையைப் புகழ்தலும் தவறு; விதியின் மௌனம் அதற்கு மறுப்பாகும். ஆளை ஆளாகவும் முறையை முறையாகவும் தனித்தனியே எடைபோடுதல் வேண்டும். இத்தகைய தகுதி விதிகள் எம்மொழியிலும் எக்காலத்திலும் எழுதப்படுவன. அவற்றை ஆராய்வோர், கேட்கப்பட்ட தகுதிகளை எண்ணுவதோடு அமையாது, கேட்காது விட்ட வினாவையும் அவ்விடத்தில் யார் வந்து நின்றார் என்பதையும் காணல் வேண்டும் என்பது இவ்வாராய்ச்சியாற் பெறப்படும்.