உறையில் இல்லாத பாட்டு

ஓர் இசைத்தட்டை மதிப்பிடப் புகுவோர் முதலில் அதன் உறையைப் படிக்கின்றனர். பலர் அதனோடு நின்றும் விடுகின்றனர். இப்பழக்கம் எத்துணைப் பிழைக்கு இடந்தரும் என்பதற்கு இங்கிலாந்தின் ‘தி கிளாஷ்’ என்னும் பங்க் இசைக்குழுவினர் அளித்த ‘லண்டன் காலிங்’ நல்ல சான்று.

இரட்டைத் தட்டுகளாய் வந்த அதன் முதற்பதிப்பின் உறையில் 18 பாடல்களே குறிக்கப்பெற்றிருந்தன. தட்டுகளிலோ 19 உள. உறை ஆயத்தமான பின் சேர்ந்த ‘டிரெய்ன் இன் வெய்ன்’ என்னும் பாட்டே விடுபட்டது. அத்தலைப்பு பாட்டினுள் ஓரிடத்தும் வாராமையின், கேட்டும் பெயரறிதல் இயலாது. அது காதலின் பிரிவைப் பாடுவது. பங்க் இசைக்குச் சினமன்றி வேறு சுவையில்லை என்று சாதிப்போர்க்கு, பட்டியலில் இல்லாத அப்பாட்டே மறுமொழி.

ஆண்டும் அவ்வாறே. இங்கிலாந்தில் அது வெளிவந்தது 1979 டிசம்பரில். அமெரிக்காவில் 1980 ஜனவரியில். ஆகவேதான் அமெரிக்க இதழாகிய ‘ரோலிங் ஸ்டோன்’ 1989-இல் அதனை எண்பதுகளின் தலைசிறந்த தொகுப்பெனத் தேர்ந்தது. இங்கிலாந்தின் கணக்கிலோ அது எழுபதுகளின் இறுதி விளைச்சலன்றோ!

கோப்பின் மேலட்டையை மட்டும் நோக்கிக் குறிப்பெழுதலாகாது என்பதை அலுவலக வாழ்வில் நாம் அறிவோம். கலைக்கும் அதுவே நெறி. கடைசிப் பாட்டையும் கேட்ட பின்னரே தீர்ப்புரைப்போமாக.