ஜெபாலயத்தில் பிறந்த சபை

யூதர்கள் இயேசுவை ஏற்கவில்லை, அதனால் கிறிஸ்தவம் தனி மதமானது என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவது நம்மிடையே வழக்கம். அந்தப் பிரிவு எப்போது நடந்தது என்று தேடிப் போனவர்களுக்கு, இயேசுவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்திலும் தெளிவான கோடு அகப்படவில்லை.

கி.பி. 386-இல் சிரியாவின் அந்தியோகியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற குரு பிரசங்க மேடையில் கொதித்தெழுந்தார். கோபமெல்லாம் சொந்தச் சபையார்மேல். யூதப் புத்தாண்டு வந்தால் எக்காளம் கேட்க ஜெபாலயத்துக்குப் போகிறார்கள். யூதரோடு சேர்ந்து உபவாசம் இருக்கிறார்கள். நோய் தீர வேண்டுமென்று டாப்னேயில் இருந்த யூதர் கூடத்துக்குப் போய் வருகிறார்கள். தாம் நேரில் கண்டதையும் சொல்கிறார்: ஏதோ ஒரு வழக்கில் சத்தியம் வாங்குவதற்காக ஒரு கிறிஸ்தவர் ஒரு பெண்ணை வலுக்கட்டாயமாக ஜெபாலயத்துக்கு இழுத்துப் போனார். ஏன் அங்கே என்று விசாரித்தால், அங்கே செய்யும் சத்தியத்துக்குத்தான் பயம் அதிகம் என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். கிறிசோஸ்தோமின் பேச்சு யூதர்களைக் கொடுமையாக ஏசுகிறது. பிற்காலத்தில் அது பெரும் தீங்குக்குப் பயன்பட்டது. ஆனாலும் சாதாரண மக்கள் இரண்டு வாசல்களிலும் ஏறி இறங்கினார்கள் என்பதற்கு அந்த வசைகளே வலுவான சாட்சி.

யூப்ரட்டீஸ் கரையிலுள்ள துரா யூரோப்போஸ் இன்னொரு சாட்சி. அங்கே மேற்கு மதிலை ஒட்டி, சற்று இடைவெளியில், மோசேயும் எஸ்தரும் வண்ணத்தில் தீட்டப்பட்ட ஜெபாலயமும், நல்ல மேய்ப்பன் வரையப்பட்ட ஞானஸ்நான அறையோடு ஒரு வீட்டுச் சபையும் இருந்தன. சாசானியப் படையெடுப்பைத் தடுக்க மதிலோரம் கொட்டிய மண், கி.பி. 256 வாக்கில் நகரம் விழுந்தபின் இரண்டையும் ஒன்றாகவே காப்பாற்றி வைத்தது. 1930-களில்தான் அவை வெளிச்சத்துக்கு வந்தன.

வழிபாட்டிலும் இதே உறவுதான். 1873-இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதேயோஸ் பிரையேனியோஸ் கண்டெடுத்த சுவடித் தொகுப்பில் ‘திதாக்கே’ என்ற பழைய சபை ஒழுங்கு நூல் இருந்தது. திங்களும் வியாழனும் ‘மாயக்காரர்’ உபவாசிக்கும் நாட்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது அது. வாரம் இருமுறை உபவாசிக்கும் யூத வழக்கம் அப்படியே இருக்க, நாள் மட்டும் மாறியது. அதிலுள்ள திருவிருந்து ஜெபங்களும் யூதர் உணவுக்குப் பின் சொல்லும் நன்றி ஜெபத்தை ஒட்டியவை.

இவ்வளவு கண்கூடான உறவை ஆய்வுலகம் வெகுகாலம் ஓரங்கட்டியது. யூத அறிஞர் ஜோசப் கிளவுஸ்னர் 1922-இலேயே எருசலேமிலிருந்து எபிரேயத்தில் இயேசுவின் வரலாற்றை எழுதினார். ஜெர்மனியிலோ 1939-இல் ஐசெனாக்கில் கிறிஸ்தவத்திலிருந்து யூதச் சாயலை நீக்குவதற்கென்றே ஒரு நிறுவனம் திறந்தார்கள். இறையியல் பேராசிரியர் வால்டர் குருண்ட்மன் அதற்குத் தலைமை தாங்கினார். மனைவியையும் மகளையும் நாஜிகளுக்குப் பறிகொடுத்த பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் ஐசக், 1948-இல் ‘இயேசுவும் இஸ்ரவேலும்’ நூலை வெளியிட்டார்; 1960-இல் போப் இருபத்துமூன்றாம் யோவானை நேரில் சந்தித்து முறையிட்டார். இயேசுவின் மரணத்துக்கு எல்லா யூதர்மீதும் பழி சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது.

அதற்குள் சாக்கடலோரக் கும்ரான் குகைகளில் பழைய யூதச் சுருள்களும் கிடைத்திருந்தன. அவற்றில் தோய்ந்த அறிஞர் கேசா வெர்மஸ் ‘யூதனான இயேசு’ நூலை 1973-இல் எழுதினார். 1977-இல் புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் ஈ.பி. சாண்டர்ஸ், யூத சமயம் புண்ணியக் கணக்குப் பார்க்கும் மதம் என்ற பழைய எண்ணத்தையே தகர்த்தார்: அங்கும் முதலில் வருவது கடவுளின் கிருபை, நியாயப்பிரமாணம் அதற்கான மறுமொழி. இதன்பின் பவுலின் கடிதங்களே வேறு முகம் காட்டின. அந்தியோகியாவில் அவர் பேதுருவோடு மோதியது, புறஜாதியாரோடு ஒரே பந்தியில் உட்காரலாமா என்பது பற்றி. யூதர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை அது.

பிரிவுக்கு நாள் குறிப்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. எருசலேம் ஆலயம் இடிந்த 70, ரோமருக்கு எதிரான யூதரின் பார் கொக்பா கிளர்ச்சி ஒடுங்கிய 135 என்று பழைய நூல்கள் சொல்லும். எல்லையைப் பேராயர்களும் ரபிகளும் சேர்ந்தே மெல்ல மெல்லக் கட்டினார்கள் என்பது யூத அறிஞர் டேனியல் போயாரின் 2004-இல் முன்வைத்த வாதம். அவர் பக்கமே நியாயம் அதிகம். ஆனால் பிரிவே இல்லை என்று சொல்லும் அளவுக்குப் போக முடியாது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்தியோகியாவின் பேராயர் இக்னேசியஸ் யூத முறைப்படி வாழ்வதைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

நம் பிரசங்க மேடைகளில் பரிசேயர் என்றாலே வேஷக்காரர் என்றுதான் இன்னும் கேட்கிறோம். பவுல் தம்மைப் பரிசேயன் என்றே பிலிப்பியருக்கு எழுதினார். ஆலோசனைச் சங்கத்தில் அப்போஸ்தலருக்காகப் பரிந்து பேசிய கமாலியேலும் பரிசேயர். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.