டிஜிட்டல் வெர்னியரின் தரவு: அவிழ்ப்பதும் நம்புவதும்

விலை குறைந்த டிஜிட்டல் வெர்னியர் பலவற்றில், திரைக்கு மேல் விளிம்பில் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதை நகர்த்தினால் நான்கு உலோகப் பட்டைகள் தெரியும். அவற்றின் வழியே கருவி தன் அளவை ஓயாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. கையேட்டில் இதற்கு விளக்கம் பெரும்பாலும் இராது. அந்தத் துடிப்புகளுக்குள் அளவு எப்படிப் பொதிந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே கண்டறிவதுதான் ரிவர்ஸ் எஞ்சினியரிங்.

ஆசிலாஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் இரண்டு பட்டைகள் பேட்டரி முனைகள் என்பதும், மற்ற இரண்டில் ஒன்று கிளாக், இன்னொன்று தரவு என்பதும் விளங்கும். பரவலான ஒரு வகையில் ஒவ்வொரு முறையும் 24 பிட்டுகள் வருகின்றன. தாடைகளை மூடிப் பூஜ்யமாக்கி, 0.01 மி.மீ. மட்டும் திறந்தால் முதல் பிட் மாறுகிறது. ஆகவே மதிப்பில் சிறிய பிட்டே முன்னால் வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் 21-ஆம் பிட் மாறுகிறது. அங்குலப் பொத்தானை அழுத்தினால் 24-ஆம் பிட் மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் கவனிக்கும் இந்த ஒழுங்கே முறையின் பெரிய பலம். சில்லைப் பிரிக்க வேண்டியதில்லை. அதன் நிரலைத் தொடவும் வேண்டியதில்லை.

பயனும் சிறிதல்ல. லேத்திலோ மில்லிங் மெஷினிலோ பொருத்தி நகர்வைத் திரையில் காட்டலாம். அளந்ததை நோட்டில் எழுதிப் பிறகு கணினியில் ஏற்றும்போது நுழையும் பிழைகள் அடியோடு நீங்கும். சிறு பட்டறைகளுக்கு இது உண்மையான உதவி.

குறை தொடங்குவது, எண் திரையில் சரியாக வந்துவிட்டது என்ற திருப்தியில்தான். இந்த 24 பிட்டுகளில் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு பிட் எதுவும் இல்லை. அளவு 10.00 மி.மீ. என்றால் அனுப்பப்படும் எண் 1000. மோட்டார் இரைச்சலில் முதல் கிளாக் துடிப்பு தவறிப்போனால் எல்லாப் பிட்டுகளும் ஓரிடம் நகர்ந்து 500 ஆகின்றன, திரையில் 5.00 மி.மீ. தெரியும். உளறலான எண் வந்தால் எவரும் சந்தேகப்படுவர். இதுவோ பார்வைக்கு முற்றிலும் நியாயமான அளவு. இரண்டு தொகுதிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி உண்டு. அதைக் கொண்டு எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கி, 24 பிட்டுகள் நிறையாத தொகுதியைத் தள்ளிவிடலாம். இந்தக் காப்பு இல்லாத நிரலை மேசையில் சோதித்துப் பார்க்கலாமே தவிர, வேலைக்கு விடக் கூடாது.

மிட்டுடோயோ நிறுவனம் வெளிப்படையாக விவரித்துள்ள டிஜிமேட்டிக் முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அதில் 52 பிட்டுகள், நான்கு நான்காகப் பிரிந்த 13 தொகுப்புகள். முதல் நான்கு தொகுப்புகளில் எல்லாப் பிட்டுகளும் எப்போதும் 1. தொடக்கத்தில் ஒரு துடிப்பு தவறினால் இந்த முகப்பே குலைந்து பிழை வெளிப்பட்டுவிடும். புள்ளி எந்த இடத்தில், அலகு மி.மீ.யா அங்குலமா என்பதையும் தொகுதியே சொல்கிறது. மலிவுக் கருவியிலோ, மி.மீ.யா அங்குலமா என்பதை 24-ஆம் பிட் காட்டினாலும், 0.01 மி.மீ. என்ற அலகு படிப்பவர் ஊகித்துச் சேர்த்தது.

மின் இணைப்பிலும் ஆபத்து உண்டு. கருவி 1.5 வோல்ட்டில் இயங்குவதால் 3.3 அல்லது 5 வோல்ட் மைக்ரோகண்ட்ரோலருக்கு நேரடியாக இணைக்க முடியாது. இடையே ட்ரான்சிஸ்டர் வைத்தால் பிட்டுகள் தலைகீழாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், பல மாடல்களில் உலோக உடல் பேட்டரியின் நேர்முனையோடு சேர்ந்திருக்கிறது. எர்த் செய்யப்பட்ட மெஷினில் அப்படியே பொருத்தி, எதிர்முனையையும் எர்த்தோடு சேர்த்தால் ஷார்ட் சர்க்யூட்தான்.

ஒரு மாதிரியில் கண்டதை எல்லாவற்றுக்கும் விரித்துச் சொல்வது இந்தப் பழக்கத்தின் பரவலான பிழை. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இன்னொரு வகை இரண்டு 24 பிட் எண்களை அனுப்புகிறது. அவற்றின் அலகு ஓர் அங்குலத்தில் 20480-இல் ஒரு பங்கு, சுமார் 0.00124 மி.மீ. திரை காட்டுவதைவிட நுண்ணிய எண் கிடைப்பதால் கருவியே துல்லியமாகிவிட்டதாக எண்ணத் தோன்றும். 150 மி.மீ. கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பிழை வரம்பு ±0.02 மி.மீ. அளவில்தான் இருக்கிறது, தாடையின் ஆட்டமும் கை அழுத்தமும் தனி.

எனவே அவிழ்த்த குறியீட்டைத் திரையோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. அளவு தெரிந்த ஸ்லிப் கேஜ்களை வைத்து, அளவெல்லையின் பல இடங்களிலும், எதிர்க்குறியிலும், அங்குலத்திலும், பேட்டரி தளர்ந்த நிலையிலும், மெஷின் ஓடும்போதும் சோதிக்க வேண்டும். எந்த மாடலில், எந்த நிலையில் சோதித்தது என்பதைக் குறியீட்டு விளக்கத்தோடு சேர்த்தே எழுதிவைக்க வேண்டும்.