தாய் உறங்கியது குற்றமா?

கருவிலிருக்கும் குழந்தைக்கு நூல் படித்துக் காட்டுதல் மேனாட்டார் கண்ட புதுமை என்று நம்மவரிற் சிலர் வியக்கின்றனர். வேறு சிலரோ, இஃதெல்லாம் நம் புராணங்களில் அன்றே உண்டென்று மார்தட்டுகின்றனர். பின்னவர் தாம் புகழும் கதையைச் சற்று நின்று படித்தல் நலம்.

சுபத்திரையின் வயிற்றிலிருந்தபடியே அபிமன்யு சக்கர வியூகத்தை உடைக்கும் வழியைக் கேட்டான் என்பது நாட்டு வழக்கு. சொல்பவன் ஆண், கேட்பவன் மகன், இடையில் தாய் வெறுங் குழாய். அவள் கண்ணயர்ந்தாள், வெளியேறும் வழி சொல்லப்படாது நின்றது, பிள்ளை களத்தில் மடிந்தான். பழி போர் மூட்டிய பெரியோர்மீதன்று, சூல் சுமந்து களைத்தவள்மீது! துரோண பருவத்தில் அபிமன்யு, தந்தை தனக்கு உட்புகும் வழியை மட்டுமே கற்பித்தார் என்கிறான். தாயின் உறக்கம் அங்கே இல்லை. பாகவதமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. நாரதர் உபதேசத்தைத் தான் மறக்கவில்லை என்னும் பிரகலாதன், நாட்பட்டமையாலும் பெண்ணாயிருந்தமையாலும் தாய் மறந்துவிட்டாள் என்கிறான். பெண்ணாயிருந்தமை மறதிக்குக் காரணமாம்!

இனி 1986இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஸ்பென்ஸ் என்னும் இருவர் செய்த சோதனையைக் காண்க. தாய்மார் பேறுகாலத்துக்கு முந்திய ஆறு வாரங்களில் ஒரு கதையை நாள்தோறும் இருமுறை உரக்கப் படித்தனர். பிறந்த சிசுக்கள், சப்பும் வேகத்தை மாற்றி எக்கதையைக் கேட்பதெனத் தேர்ந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்தனர். வேறொரு பெண் படித்தபோதும் பழகிய கதையையே அவை நாடின. சிசு அறிந்தது பொருளன்று, ஓசையின் ஏற்றத்தாழ்வே. ஆகவே எழுத்தறியாத தாய் இதில் எவ்வகையிலுங் குறைந்தவளல்லள். தாலாட்டு என்பதிலுள்ள ‘தால்’ நாவைத்தானே குறிக்கும்? அதற்கு ஏடு எதற்கு?

அங்ஙனமாயின் பாட்டின் பொருள் யாருக்கு? பாரதிதாசனின் 1938ஆம் ஆண்டுத் தொகுதியிலுள்ள பெண் குழந்தைத் தாலாட்டைப் படித்தால் விளங்கும். மூடப்பழக்கத்தின்மீது அவர் தொடுக்கும் கணை தொட்டிலுக்கு எட்டாது. தொட்டிலை ஆட்டுபவள் நெஞ்சிற் சென்று தைக்கும். குழந்தை உறங்குவதற்கு அப்பாட்டு சற்று முழக்கமானதே என்பது என் கருத்து. ஆயினும் பெண் பிறந்ததென்று முகஞ்சுளித்த வீட்டில் அம்முழக்கம் வேண்டியதாயிற்று.

தோட்டங்களில் நம் பாட்டிமார் விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, கூடை சுமந்து மலையேறினர். இரவிற் பாட்டு முடியுமுன் கண்ணயர்ந்தவர் அவருள் எத்தனை பேரோ! அவருடைய பேத்திமாரிடம் இன்று, ‘வயிற்றுப் பிள்ளைக்கு இங்கிலீஷ் புத்தகம் படி’ என்கிறார்கள், என்னைப்போல் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற கணவன்மார். பகலெல்லாம் உழைத்தவள் படிக்காமல் உறங்கிவிட்டால் மீண்டும் சுபத்திரையின் பழிதானா?

வயிற்றிலிருக்கும்வரை தாயின் குரலே சிசுவுக்கு நன்கு எட்டுவது. பிறந்த பின்னரோ, படித்துக் காட்டத் தந்தைக்கும் வாயுண்டு. கம்போங் ராஜாவில் மாலையானதுமே குளிர் இறங்கிவிடும். வீட்டுக்குள் முடங்கியிருக்கும் ஆடவர்க்கு அப்போது வேறென்ன வேலை?